மருதானையில் கைமாறிய புத்தகங்கள்



ஒரு நல்ல நூலை நமக்கு அறிமுகப்படுத்துபவர் யார் என்று கேட்டால், பெரியவர்கள் விமர்சகரையும் ஆசிரியரையும் நூலகரையும் பத்திரிகை மதிப்புரையையும் சொல்வார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்து வாங்கில் இருக்கும் சிநேகிதனின் பெயரைத்தான் அது சொல்லும். இளம் வாசகர்கள் தமக்குப் பிடித்த நூலைத் தம்மையொத்தவர்களுக்குச் சொல்வதும் கொடுப்பதும் நமது இலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெறாத விடயம். ஆனால் ஒரு நூல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருமா, சேராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுவே என்பது என் எண்ணம். நான் வளர்ந்த மருதானையை வைத்து இதனை விளக்க முயல்கிறேன்.

கொழும்பில் தமிழ் இலக்கியம் என்றதும் வெள்ளவத்தையைச் சொல்வார்கள். 1942இல் ஆரம்பமான கொழும்புத் தமிழ்ச் சங்கம் அங்கே இருக்கிறது. கொழும்பு 13ஐச் சொல்வார்கள். டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த பின் பல ஆண்டுகள் அங்கிருந்துதான் வெளிவந்தது. மருதானையை யாரும் சொல்வதில்லை. புகையிரத நிலையம், சினிமாத் தியேட்டர்கள், 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம், இவ்வளவுதான் அதன் புகழ். ஆனால் ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று கொள்ளப்படும் 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் வெளியிட்ட சித்திலெப்பை அவர்கள், 1892இல் மருதானையில் தொடங்கி இன்று ஸாஹிறாக் கல்லூரியாக விளங்கும் பாடசாலையின் மூலவர்களுள் ஒருவர். அந்த நாவலும் எகிப்தில் பிறந்து சிறுவயதிலேயே கடத்தப்பட்ட ஒருவனின் சாகசக் கதைதான். பிள்ளைகள் விரும்பிக் கைமாற்றக்கூடிய கதை. பேராசிரியர் கா. சிவத்தம்பி அந்தக் கல்லூரியில் படித்து, பின்னர் அங்கேயே கற்பித்தவர். ஆகவே எங்கள் ஊருக்கும் கொஞ்சம் இலக்கிய உரித்து உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் கதைக்கு வருகிறேன். 1974ஆம் ஆண்டில் எனக்குப் பதினான்கு வயது. எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்திருந்தது. அதற்கு முன் வந்து சேர்ந்த 'அம்புலிமாமா' இதழ்கள் அட்டை கழன்று, ஓரம் மடிந்து, நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே சுற்றிக்கொண்டிருந்தவை போலக் காட்சியளிக்கும். புதிதாக எதுவும் வராது. அந்த வெற்றிடத்தில்தான் வீரகேசரிப் பிரசுரங்கள் வந்தன. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' இரண்டும் 1973இல் வெளியானவை. ஒன்று நெடுந்தீவின் கரையில் நடப்பது. மற்றது வன்னியில் தண்ணிமுறிப்பில் நடப்பது. கொழும்பை விட்டு வெளியே காலடி வைத்திராத எங்களுக்கு இரண்டும் அந்நிய தேசங்கள்தான். இருந்தும் எங்கள் வகுப்பில் ஒரேயொரு 'வாடைக்காற்று'ப் பிரதியைக் குறைந்தது இருபது பேர் வாசித்திருப்போம்.

அது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். புத்தகத்துக்குச் சொந்தக்காரன் பக்கத்து வாங்கு நண்பன். மருதானையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பையன். பழைய பத்திரிகைத் தாளால் அட்டை போட்டிருப்பான். ஒருவருக்கு இரண்டு இரவு தவணை. வாசித்து முடித்தவன் பின்னட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுத வேண்டும். முடிவைச் சொல்லக்கூடாது. சொன்னவனுக்கு அடுத்த புத்தகம் கிடையாது. இதைவிடக் கடுமையான தண்டனை எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிபாரிசு என்று பார்த்தால் ஒரு வசனம்தான் இருக்கும். "ராவைல தொடங்காத மச்சான், நித்திரை போகும்" என்று சொல்லி என் கையில் அவன் அதைத் திணித்தது இன்றும் நினைவிருக்கிறது. பாத்திரப் படைப்பு, சமூகப் பார்வை, மண்வாசனை ஆகிய சொற்களெல்லாம் பிற்பாடு பல்கலைக்கழகக் கட்டுரைகளில் நான் கற்றுக்கொண்டவை. அந்த ஒற்றை வசனத்துக்கு இருந்த வலு அவற்றுக்கு இருந்ததாகச் சொல்ல மாட்டேன். காரணம் இலகுவானது. சொன்னவன் தன்னிடமிருந்த ஒரே பிரதியைக் கூடவே தந்தான். அது கிழியலாம், தொலையலாம், திரும்பி வராமலே போகலாம். தெரிந்துகொண்டே தருகிறான் என்றால் புத்தகத்தில் ஏதோ இருக்க வேண்டும் என்று கேட்பவன் விளங்கிக்கொள்கிறான்.

புத்தகம் வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு மக்கலம் வீதி இருந்தது. இப்போது டி. ஆர். விஜேவர்தன மாவத்தை. அங்கே வரிசையாக இருந்த பழைய புத்தகக் கடைகளில் தமிழ் நூல்கள் ஒரு மூலையில் கிடக்கும். கடைக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகையால் தடிப்பைப் பார்த்து விலை சொல்வார். மெல்லிய கவிதைத் தொகுதிகளை நான் அடிமாட்டு விலைக்கு வாங்கியது அந்த விலைத் தத்துவத்தின் புண்ணியத்தில்தான். "மல்லி, வாசிச்சு முடிச்சுக் கொண்டு வா, பாதி விலைக்கு எடுக்கிறன்" என்று சிங்களமும் தமிழும் கலந்து சொல்வார். நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, நாலு பேரும் வாசித்துத் திருப்பிக் கொடுத்தால் தலைக்குச் சில சதங்கள்தான் செலவு.

அங்கேதான் எங்கள் வயதொத்த ஒரு சிங்களப் பையனும் பழக்கமானான். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' நாவலை அவன் எங்களுக்குக் கொடுக்க முடியாது, நாங்கள் வாசிக்கத் தெரியாதவர்கள். ஆகவே புகையிரத நிலையத்து மதிலில் ஏறியிருந்து, உபாலியும் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பாழ்தீவில் குடியேறிய கதையை மூன்று மாலைகளில் சொல்லி முடித்தான். 1947இல் வெளிவந்த அந்நூலைப் பல ஆண்டுகளின் பின் நான் வாசித்தபோது, எழுத்தில் இருந்ததைவிட அவன் குரலே கூடுதலாகக் கேட்டது.

1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. சஞ்சிகைகள் வந்து குவிந்தன. ஈழத்து நாவல்களுக்குக் கிடைத்திருந்த அந்தச் சிறிய இடமும் சுருங்கிப்போயிற்று. இதற்குத் தென்னிந்திய எழுத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. பிள்ளைகள் தமக்குக் கிடைத்ததைத்தான் கைமாற்றுவார்கள்.

நூலகம் என்பதும் இந்தக் கைமாற்றத்தின் வளர்ச்சிதான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது முறையாகத் திறக்கப்பட்டது. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன.

அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1983 ஜூலையில், கொழும்பில் எங்கள் வீடும் எரிந்தது. அந்தச் செய்தியை இங்கே விரிக்கப் போவதில்லை. எரிந்தவற்றுள் ஒன்று எங்களுக்குச் சொந்தமானதல்ல என்பதை மாத்திரம் சொல்ல வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, என் நண்பனின் உம்மா வாரந்தோறும் பக்கங்களைக் கழற்றிச் சேர்த்து, ஐந்து பாகங்களாகக் கட்டுவித்து வைத்திருந்தார். முன்பக்கத்தில் வந்தியத்தேவன், பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம். ஆங்காங்கே சில பக்கங்கள் இல்லை. அந்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி அவரிடம் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் அடுப்படியில் இருந்தபடியே சொல்வார். பதினான்கு வயதான என் தங்கைக்காக அவற்றை ஒவ்வொரு பாகமாக இரவல் வாங்கிவந்தேன். மூன்று பாகங்களை வாசித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாலாம் பாகமான 'மணிமகுடம்' எங்கள் வீட்டில் இருந்தபோதுதான் ஜூலை வந்தது.

பாடசாலை ஒன்றில் அமைத்திருந்த அகதி முகாமுக்கு என் நண்பன் சோற்றுப் பார்சல்களோடு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் நான் முதலில் சொன்னது புத்தகத்தைப் பற்றித்தான். வீட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை போலும்.

"உம்மாட புத்தகம் போயிட்டு மச்சான்."

அவன் என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தான். "தங்கச்சி, எதுவரைக்கும் வாசிச்சீங்க?"

மூன்றாம் பாகத்தோடு நிற்கிறது என்றாள். நாலாம் பாகத்தைத் தொடக்கவேயில்லை.

"அப்ப சரி. நாலாம் பாகத்த நான் சொல்லித் தாறன்."

வகுப்பறைத் தரையில் பாயை விரித்திருந்து அவன் சொல்ல, தங்கையோடு சேர்ந்து முகாமிலிருந்த பிள்ளைகள் சிலரும் கேட்டார்கள். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். கப்பலேறி யாழ்ப்பாணம் போவதற்கு முன் நாலாம் பாகம் முடிந்துவிட்டது. ஐந்தாம் பாகத்தை அவள் பல மாதங்களின் பின் வேறொருவரிடம் இரவல் வாங்கி வாசித்தாள். அவன் சொன்ன நாலாம் பாகத்தில் பூங்குழலிக்குக் கல்கி கொடுத்ததைவிட அதிக இடம் இருந்தது என்பதை, அச்சுப் பிரதி கையில் கிடைத்த பிறகு அவள் கண்டுபிடித்தாள். நண்பன் வீட்டில் இன்னமும் நாலு பாகங்கள்தான். அந்த வீட்டுப் பிள்ளைகளும் நாலாவதை வாய்மொழியாகவே கேட்டு வளர்ந்தார்கள். புதுப் பிரதி வாங்கிக் கொடுத்தபோது உம்மா மறுத்துவிட்டார்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஹரி பொட்டர் வரிசையின் முதல் நூல் 1997இல் இங்கிலாந்தில் வெளிவந்தபோது கெட்டி அட்டையில் அச்சிடப்பட்டவை வெறும் 500 பிரதிகள்தான். அவற்றுள் ஏறத்தாழ 300 நூலகங்களுக்குப் போயின. நூலகத்துக்குப் போன பிரதி ஒரு பிள்ளையின் கையோடு நிற்பதில்லை. பாடசாலை மைதானங்களில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அந்நூல் வளர்ந்தது. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் அந்த 500 என்ற எண். இன்று ஈழத்துத் தமிழ் நூல் ஒன்று அச்சாவதும் சாதாரணமாக 300, 500 பிரதிகள்தான். எண்ணிக்கையில் நாம் பின்தங்கியிருக்கவில்லை! அந்தப் பிரதிகள் எங்கே போகின்றன என்பதில்தான் வேறுபாடு. நமது வெளியீட்டு விழாக்களை எண்ணிப் பாருங்கள். முதற்பிரதி ஒரு வர்த்தகப் பிரமுகருக்கு. பிறகு சிறப்புப் பிரதிகள். மேடையேறி, உறையில் பணத்தைக் கொடுத்து, படத்துக்கு நின்று, நூலை வாங்கிச் செல்பவர்களில் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றைக் கண்ட ஞாபகம் எனக்கு இல்லை. வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் போய்ச் சேர்ந்த பிரதியை யார் யாருக்குச் சிபாரிசு செய்வது?

பிள்ளைகள் வாசிப்பதில்லை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. 2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தபோது என் பேத்தியும் சிநேகிதிகளும் நாவலைத் தொலைபேசியிலே வாசித்து, கைத்தொலைபேசிக் குழுவில் இரவிரவாக விவாதித்தார்கள். முடிவைச் சொன்ன ஒருத்தியைக் குழுவிலிருந்து நீக்கியும் விட்டார்களாம். எங்கள் சட்டம் மாறவில்லை என்று மகிழ்ந்தேன். அதே வாசிப்பு நமது நூல்களுக்கும் கிடைக்க வழியுண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் எவரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறது. அந்தக் கால வீரகேசரிப் பிரசுரங்கள் பலவற்றை அங்கே காணலாம். ஆனால் அங்கே தேடுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டும். பெயரைச் சொல்ல ஒரு சிநேகிதி வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் விஜேவர்தன மாவத்தைக் கடையொன்றில் பழைய 'வாடைக்காற்று' ஒன்று கிடைத்தது. எங்களுடைய பிரதியல்ல. ஆனாலும் பின்னட்டையின் உட்பக்கத்தில் மூன்று பெயர்கள் பென்சிலில் இருந்தன. நாங்கள் மட்டும்தான் அப்படிச் செய்தோம் என்று நினைத்திருந்தேன். அதைப் பேத்தியிடம் கொடுத்து, ராவைல தொடங்காதே என்று மட்டும் சொன்னேன். நாலாவதாக அவள் தன் பெயரை எழுதினாள். ஐந்தாவது பெயர் அவளுடைய சிநேகிதியுடையது. ஆறாவது யார் என்று தெரியவில்லை. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.