முதுகுக்குள் ஒரு சிறு குழாய்!

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பல எலும்புகள் சேர்ந்ததே முதுகெலும்பு. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. ஆக, தனித்தனியே அசையும் எலும்புகள் 24.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. அதைத்தான் "ஜவ்வு" என்றும் "டிஸ்க்" என்றும் சொல்கிறார்கள். மெத்தையின் ஓரம் கெட்டியான நார், உள்ளே கூழ். நார் கிழிந்தால் கூழ் பிதுங்கி வெளியே வரும். பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தும்.

கோளாறு இடுப்பில், வலியோ காலில்! தொடை வழியாகப் பாதம் வரை வலி சுரீரென்று இறங்கும்.

பாஸ்டன் டாக்டர்கள்

நரம்பை அழுத்தும் இந்தக் கட்டியை ஒரு வகைக் கழலை என்றே டாக்டர்கள் பலர் முன்பு நினைத்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். அது கழலை அல்ல, பிதுங்கிய ஜவ்வுதான் என்று அவர்கள் 1934-ல் எழுதினார்கள்.

அதன் பிறகு ஜவ்வு ஆபரேஷன் எங்கும் பரவியது. ஆனால், முதுகை நீளமாகக் கீற வேண்டும். தசையை எலும்பிலிருந்து உரித்து விலக்க வேண்டும். காயம் ஆற நாளாகும். முதுகில் கத்தி வைத்தால் எழுந்து நடக்க முடியாது என்ற பயம் மக்கள் மனத்தில் வேரூன்றியது.

முயல் காது துவண்டது!

கத்தி இல்லாமல் முடியாதா என்று சிலர் யோசித்தார்கள். பப்பாளிப் பால் அவர்களுக்கு வழி காட்டியது.

1956-ல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க டாக்டர், பப்பாளிப் பாலில் உள்ள ஒரு சத்தை முயலுக்கு ஊசி மூலம் ஏற்றினார். நிமிர்ந்து நின்ற காதுகள் துவண்டு தொங்கின! சில நாட்களில் மீண்டும் நிமிர்ந்தன.

காதின் குருத்தெலும்பை இளக்கும் பொருள், பிதுங்கிய ஜவ்வை இளக்காதா? லைமன் ஸ்மித் என்ற டாக்டர், பப்பாளியில் உள்ள வேறொரு சத்தை நோயாளிகளின் ஜவ்வுக்குள் செலுத்தினார். அதன் விவரத்தை 1964-ல் வெளியிட்டார். பலருக்கு வலி நீங்கியது. ஆனால் சிலருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்து வந்தது. 2003-ல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது.

குழாய் வந்தது

1977-ல் டாக்டர்கள் யாசர்கிலும் காஸ்பரும் மைக்ராஸ்கோப் வைத்து ஆபரேஷன் செய்யும் முறையை வெளியிட்டார்கள். கீறல் சிறுத்தது. 1997-ல் அமெரிக்க டாக்டர் ஃபோலியும் அவருடைய கூட்டாளியும் குழாய் முறையை வெளியிட்டார்கள்.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். எக்ஸ்ரே மூலம் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைவான கீறல் போதும். மெல்லிய குழாய் ஒன்று; அதன் மேல் சற்றுப் பெரியது; அதன் மேல் இன்னும் பெரியது. இப்படிச் செருகச் செருக, தசை அறுபடாமல் விலகிக் கொடுக்கும். குழாய் வழியே பார்த்து, நரம்பை மெதுவாக ஒதுக்கி, பிதுங்கிய துண்டைக் கிள்ளி எடுப்பார்கள். குழாயை எடுத்ததும் தசை மூடிக்கொள்ளும். பலர் அன்றைக்கோ மறுநாளோ நடக்கிறார்கள்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம்! ஹாலந்து நாட்டில் கடுமையான கால்வலி உள்ள 283 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். மற்றப் பிரிவுக்கு முதலில் மருந்தும் பயிற்சியும். தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். 2007-ல் முடிவு வெளியாயிற்று. உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் போயிற்று. ஆனால், ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 100-க்கு 95 பேர் குணமடைந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 100-க்கு 39 பேருக்கே அந்த ஓராண்டில் ஆபரேஷன் தேவைப்பட்டது.

துளை சிறியது என்பதற்காகக் குணம் அதிகம் என்றும் எண்ணக்கூடாது. குழாய் முறையையும் மைக்ராஸ்கோப் முறையையும் அதே நாட்டில் ஒப்பிட்டுப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு குழாய் முறையில் கூடுதல் நன்மை காணவில்லை. ஆகவே, கை தேர்ந்த டாக்டரா என்பதே முக்கியம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சிறுநீர் கழிக்க முடியாமை, சிறுநீரோ மலமோ தன்னை அறியாமல் போதல், இரண்டு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், கால் வலுவிழத்தல்: இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். முதுகுவலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோயாகவும் இருக்கலாம். உடனே சோதித்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஆபரேஷன் இல்லாமல் தீருமா? எத்தனை வாரம் பொறுக்கலாம்? எனக்கு ஏற்ற முறை எது? கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.