கால் சதத்தின் சிவப்பு

இணுவிலில் பழைய வீடு ஒன்றைத் திருத்தும்போது பெட்டகத்தின் அடியில் செம்புக் குத்திகள் நாலைந்து அகப்படுவது புதினமான விஷயம் இல்லை. அகப்பட்டவுடன் வீட்டில் இரண்டு காரியம் நடக்கும். ஒருவர் பழப்புளி எடுக்கக் குசினிக்குப் போவார். இன்னொருவர் கனடாவில் இருக்கிற தம்பிக்குப் படம் அனுப்பி, என்ன விலை போகும் என்று கேட்பார். விலைக்குப் பிறகு வருவோம். புளி எடுக்கப் போனவரை முதலில் கூப்பிட்டு இருத்துங்கள். அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

பெட்டகங்களில் கூடுதலாகக் கிடைப்பது விக்டோரியா இராணி காலத்துச் சதக் காசுகள். ரூபாயை நூறு சதமாக எண்ணும் கணக்கு இலங்கையில் 1872 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக அடித்த முதற் செம்புக் காசுகளில் 1870 என்ற ஆண்டு இருக்கும்: ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம், கால் சதம். ஒரு பக்கம் இராணியின் தலை, மறுபக்கம் ஒரு பனை, அதன் இரு மருங்கிலும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. எங்கள் ஊர்ப் பனை என்று நினைத்து மகிழ்பவர்கள் உண்டு, அது தாளிப்பனை. ஐந்து சதம் உள்ளங்கையில் கனக்கும். கால் சதமோ சுமார் 1.2 கிராம்தான், விரலிடுக்கால் விழுந்தால் தேடி எடுப்பது பாடு. எட்வேர்ட் மன்னரின் தலையோடு 1904 இல் அடித்ததோடு கால் சதத்தின் காலம் முடிந்தது.

இந்தக் கால் சதத்தைத்தான் நான் உங்களுக்கு விளங்கப்படுத்த விரும்புகிறேன். புகையிலை விற்ற வெள்ளி ரூபாயைச் சனம் மடியில் முடிந்து கொண்டுவந்து பூட்டி வைத்தது. கால் சதத்தை யார் பூட்டி வைப்பது? அது சந்தையில் கைமாறியது, உண்டியலில் விழுந்தது, மறுபடி சந்தைக்கு வந்தது. இராணியின் கன்னமும் கூந்தலும் மழுங்கும் வரைக்கும் உழைத்தது. தொலைந்தது, உருக்கவும் பட்டது. போதாக்குறைக்கு எங்கள் உப்புக்காற்று செம்பைச் சும்மா விடாது. ஆகவே எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கு ஒன்று. அடித்தபடியே எத்தனை மிஞ்சின என்ற கணக்கு வேறொன்று. தேய்ந்த கால் சதம் எங்கும் கிடைக்கும். அச்சிலிருந்து விழுந்த அன்றைய சிவப்போடு ஒன்றைக் காண்பதுதான் அருமை. அப்படி மிஞ்சியவையும் பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே புதுக்காசாக எடுத்து ஏட்டில் வைத்த சேகரிப்பாளரின் கைவழியாக வந்தவை. ஆங்கிலேய ஆட்சிநாடுகளின் நாணயங்களைப் பட்டியலிட்ட பிரட் பிரிட்மோர் போன்றவர்களிடம் இருந்த குத்தி என்று சான்று இருந்தால் விலை இன்னும் ஏறும்.

தரத்தை எப்படி அளக்கிறார்கள்? உலகம் முழுக்க இன்று புழங்குவது 1 முதல் 70 வரையான எண். அது தங்கக் காசுக்காகப் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், 1793 முதல் 1814 வரையான அமெரிக்கச் செம்புச் சதங்களைப் பற்றி 1949 இல் எழுதிய நூலில் அதை வகுத்தார். இன்ன காசு என்று மட்டும் அடையாளம் தெரியும் குத்திக்கு 1. குற்றமே சொல்ல முடியாததற்கு 70. முதலாவதைவிட எழுபது மடங்கு விலை இரண்டாவதுக்கு என்பது அவர் போட்ட கணக்கு. அந்த விலைக்கணக்கு நிலைக்கவில்லை, எண் நிலைத்துவிட்டது. 60 உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. 1986 இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கி, காசைப் பார்த்து எண் கொடுத்து, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் வழக்கத்தைப் பரப்பின. செம்புக்கு எண்ணோடு நிறமும் எழுதுவார்கள்: சிவப்பு, சிவப்பு மண்ணிறம், மண்ணிறம். பி.சி.ஜி.எஸ். கணக்கில், பிறந்த நிறம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது இருந்தால்தான் சிவப்பு.

இப்போது புளிக்கு வருகிறேன். அச்சு ஓங்கி விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய வரிகளாகப் பாய்கிறது. காசைச் சரித்துப் பிடித்தால் ஒளி சுற்றி ஓடுவது அந்த வரிகளால்தான். வலிகாமத்துத் தோட்டத்தில் பிடுங்கிய திராட்சைக் குலையின் மேல் இருக்கும் வெண்படலம் மாதிரி அது: விரல் பட்டால் போய்விடும், போனால் திரும்பாது. புளி, சாம்பல், பிராசோ எல்லாம் அழுக்கோடு அந்த வரிகளையும் தின்றுவிடும். காசு பளபளக்கும், ஆனால் பழகிய கண் அதைப் பார்த்தவுடன் கீழே வைத்துவிடும். தரம் பார்க்கிற நிறுவனமும் எண் கொடுக்காமல், துப்புரவாக்கப்பட்டது என்ற குறிப்போடு திருப்பி அனுப்பும். நூறு வருடத்துக்கு மேல் தப்பியிருந்த ஒன்றை அரை மணித்தியாலத்தில் அழித்துவிடுகிறோம். அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

இனி ஏலம். 1792 இல் அமெரிக்காவில் பரீட்சார்த்தமாக அடித்த பேர்ச் சதம் ஒன்று, 65 ஆம் தரம், சிவப்பு மண்ணிறம், 2015 ஜனவரியில் ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் ஏலத்தில் 25 இலட்சத்து 85 ஆயிரம் டொலருக்குப் போனது. முகப்பெறுமதி ஒரே ஒரு சதம். இதைக் கேட்டு எங்கள் கால் சதத்தைப் பார்த்துக் கனவு காண வேண்டாம். அமெரிக்கச் சதத்தைத் தேடுவோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இலங்கைச் சதத்தைத் தேடுவோர் சிறு கூட்டம். அரிதான ஒன்றைத் தேடும் இருவராவது ஒரே ஏலத்துக்கு வந்து விட்டுக்கொடுக்காமல் நின்றால்தான் விலை எழும்பும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். லண்டன் ஏலம் ஒன்றில் சுத்தியல் விழுந்த விலை நூறு பவுண் என்று வையுங்கள். வாங்குபவர் அதற்கு மேல் ஏலக்காரருக்குக் கட்டணம் கட்டுவார். இருபது வீதம் என்றால் அவருக்கு நூற்றிருபது. விற்பவரிடமும் தரகு பிடிப்பார்கள். பதினைந்து வீதம் என்றால் உங்கள் கைக்கு எண்பத்தைந்து. தரம் பார்த்த செலவு, தபால், காப்புறுதி எல்லாம் அதற்குள்தான். ஆகையால் தேய்ந்த காசை லண்டனுக்கு அனுப்புவது வீண். மிக நல்லது ஒன்று இருந்தால் அதை மட்டும் தனி இலக்கத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்; இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற அடிமட்ட விலையையும் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்குங்கள். வாங்குகிற பக்கம் நிற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல்கத்தா நாணயச்சாலை பழைய அச்சுகளைக் கொண்டு சேகரிப்பாளருக்காகப் பின்னாளில் மீண்டும் அடித்துக் கொடுத்தது. கண்ணாடி போல மின்னும் விக்டோரியா காசு எல்லாம் விக்டோரியா காலத்தில் பிறந்தவை இல்லை.

பெட்டகத்துக்குப் பதிலாகத் தோட்டத்து மண்ணில், கிணறு வெட்டும்போது, ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் படுத்திருக்கும் நந்தியும் கீழே சேது என்ற தமிழ் எழுத்தும் உள்ள காசு வந்தால் கதை வேறு. அது யாழ்ப்பாண மன்னர் வெளியிட்ட செம்புக் காசு. அந்த மன்னர்களில் ஒருவர் பெயரைத்தான் எங்கள் இணுவில் பரராசசேகரப் பிள்ளையார் கோயில் இன்றும் தாங்கி நிற்கிறது. இக்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் இவை யாழ்ப்பாண அரசருடையவை என்று எழுதினார். அவர் பக்கம் வலுவாக நின்ற சான்று, இவை இந்த மண்ணில் கிடைத்தன என்பதே. ஏலத்துக்குப் போன சேதுக்காசுக்கு அந்தச் சான்று அறுந்துவிடும். 65 ஆம் தரமோ 70 ஆம் தரமோ அதை ஈடுசெய்யாது.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவை தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மண்ணுக்குள் கிடந்தது காணிக்காரருக்குச் சொந்தமும் ஆகாது. ஒல்லாந்தர் காலத்துச் செம்புக் காசும் இந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நிற்கிறது. விக்டோரியாவின் கால் சதம் இப்பால். கால் சதத்தை விளிம்பில் பிடித்துத் தூக்கி, காய்ந்த கடதாசி உறையில் தனியாக வையுங்கள். சேதுக்காசைக் கழுவாமல் யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோங்கள். எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் ஓட்டுத்துண்டோ சிப்பியோ வேறு என்ன கிடந்தது என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, அதையும் கூடவே கொடுங்கள்.