பனச்சமூட்டில் எந்த மொழியில் கேட்பது?

புதுதில்லி: கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியும் தமிழகத்தின் குமரி மாவட்டமும் சந்திக்கும் எல்லையூர் பனச்சமூடு. இங்கு ஒருவரிடம் "உங்கள் தாய்மொழி எது?" என்று மலையாளத்தில் கேட்டால் ஒரு பதிலும், தமிழில் கேட்டால் வேறொரு பதிலும் வரக்கூடும். சமூக உளவியல் ஆய்வில் முதன்முதலாக இறங்கும் மாணவர் இதைத்தான் முதலில் கற்க வேண்டும்.

பதில் சாதாரணமானதல்ல. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. அதே ஆண்டு, நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியல் சட்டத்தின் 7-வது திருத்தம் 350-ஏ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. அப்படியானால், எல்லையூரில் ஒருவர் தாய்மொழி என்று எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே தமிழ் வகுப்புக்கான கோரிக்கை வலுப்பெறும், அல்லது தேய்ந்துபோகும்.

ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு எவ்வளவு தூரம் தவறாக வழிநடத்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1934 ஜனவரி 15 பிகார் நிலநடுக்கத்துக்குப் பின், அதிர்வை உணர்ந்தும் பெரிய சேதத்தைக் காணாத மக்களிடையே பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டினார். இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்பதே பலவற்றின் சாரம். அஞ்சியவர்கள் மேலும் அஞ்சவைக்கும் கதைகளை ஏன் நம்பினர்? 1950-ல் டார்ஜிலிங் நிலச்சரிவை, சேதம் நேர்ந்த இடத்திலேயே ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹா அத்தகைய வதந்திகளைக் காணவில்லை. அழிவைக் கண்ணால் கண்டவருக்குத் தம் அச்சத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காணாதவருக்கே கதை தேவைப்பட்டது. அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் வெளியிட்ட, உலகம் அறிந்த 'அறிவு முரண்பாடு' கோட்பாட்டுக்கு இவ்விரு இந்திய ஆய்வுகளும் துணைநின்றன. நம் பாடநூல்கள் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம்.

பனச்சமூட்டிலும் வழி அதுவே. வீடுகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, பாதிப்பேரிடம் தமிழிலும் பாதிப்பேரிடம் மலையாளத்திலும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். கேள்வியை மொழிபெயர்த்தபின், வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்கே திருப்பி, பொருள் மாறவில்லையா என்று சரிபார்க்க வேண்டும். எல்லையின் இருபுறமும் கேட்பது அவசியம். சம்மதம் பெறாமல் யாரிடமும் கேட்கக் கூடாது. பெயரையும் குறிக்க வேண்டாம். சந்தைக்கு வருவோரை மட்டும் மறித்துக் கேட்டால் வேலை எளிது. ஆனால் வியாபாரத்துக்காக இரு மொழியும் பேசிப் பழகியவர்களே பெரும்பாலும் அகப்படுவர்; வீட்டிலிருக்கும் பாட்டிமார் கணக்கில் வரமாட்டார்கள்.