சுரங்கத்தினுள் முதற்பெண் யார்?

2021-ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலத்துச் சூரி நிலக்கரிச் சுரங்கத்தில் பெண் பொறியாளர் ஒருவர் நிலத்தடிப் பணியை ஏற்றார். கோல் இந்தியா நிறுவனத்தின் நிலத்தடிச் சுரங்கமொன்றில் பணியேற்ற முதற்பெண் பொறியாளர் அவரே என்று செய்தித்தாள்கள் பாராட்டின. பாராட்டு தகுதியானதே. ஆனால் ‘பொறியாளர்’ என்னும் சொல்லை விட்டுவிட்டு, ‘சுரங்கத்தில் இறங்கிய முதற்பெண்’ என்று சொல்லக் கேட்டவர்களும் உண்டு. அவ்வாறு சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. தன்பாதிலும் அசன்சாலிலும் வாழும் நம் தமிழ் நேயர்கள், தங்கள் அண்டையிலுள்ள முதிய சுரங்கக் குடும்பங்களைக் கேட்டால், பாட்டி காலத்துக் கதையாக இதனை அறியலாம்.

ஜரியா, ராணிகஞ்ச் வயல்களில் நிலக்கரித் தொழில் வேரூன்றிய காலத்தில், அங்கே தனி ஆள் வேலைக்குச் செல்லும் வழக்கம் குறைவு, குடும்பமே சென்றது. கணவன் கரியை வெட்டுவான். மனைவி அதனைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டு சென்று வண்டியில் நிரப்புவாள். வெட்டுபவனுக்கு ‘மால்கட்டா’ என்றும், சுமப்பவளுக்குக் ‘காமின்’ என்றும் பெயர். நம் ஊர்க் கட்டட வேலையில் கொத்தனாரும் சித்தாளும் இணைந்து நிற்பதை எண்ணிப் பார்த்தால் இந்த ஏற்பாடு விளங்கும். சந்தால், பவுரி முதலிய சமூகங்களைச் சேர்ந்த இப்பெண்கள், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலக்கரித் தொழிலாளரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாக இருந்தனர். கைக்குழந்தையை விட்டுச் செல்ல இடமின்மையால் அதனையும் இருளுக்குள் எடுத்துச் சென்ற தாய்மார் பலர். கூலியோ வெட்டிய கரியின் அளவுக்கேற்பக் குடும்பத்திற்குச் சேர்த்துக் கிடைக்கும்; அதில் தன் பங்கு இவ்வளவு என்று காமின் பிரித்துச் சொல்ல வழியில்லை.

இந்நிலை கொடியது என்பதில் ஐயமில்லை. 1929-இல் அரசாங்கம் புதிய விதிகளை வெளியிட்டு, நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. ஆயினும் வங்காளம், பீகார் முதலிய மாகாணங்களின் நிலக்கரிச் சுரங்கங்களில் உடனே தடுக்காமல், ஆண்டுதோறும் எண்ணிக்கையைக் குறைத்துப் பத்தாண்டுகளில் முடிப்பது என்பது திட்டம். ஆனால் 1935-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பெண்களின் நிலத்தடி வேலையைத் தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றவே, இங்கும் தவணைக்கு முன்பாகவே, 1937-இல், தடை முழுமையாயிற்று.

சுரங்க முதலாளிகள் தொடக்கத்தில் இதனை விரும்பவில்லை. மனைவி உடனிருந்தால்தான் கணவன் நிலையாக வேலைக்கு வருவான் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 1930-களின் மந்த நிலையில் கரியின் விலை வீழ்ந்து, வேலையாட்களே மிகுதி என்ற நிலை வந்தபோது அவர்களுடைய எதிர்ப்பும் தளர்ந்தது. கருணையும் சந்தை நிலவரமும் ஒரே திசையில் நடக்கும்போது சட்டங்கள் விரைவாக நிறைவேறுகின்றன போலும்!

சட்டம் காமினை இருளிலிருந்து மீட்டது. மீட்ட கையோடு வேறு வேலையோ, இழந்த கூலிக்கு ஈடோ அவளுக்குத் தந்ததா என்று பார்த்தால், இல்லை. இருவர் உழைத்த குடும்பம் ஒருவர் கூலியில் நின்றது. மேல்தளத்தில் கரி பொறுக்குவதும் வாகன்களில் ஏற்றுவதுமான வேலை சிலருக்கே கிடைத்தது. சுரங்கப் பெண்களுக்கான பேறுகால உதவிச் சட்டம் வந்ததோ 1941-இல். நிலத்தடியிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டு நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர்.

பின்பு போர் வந்தது. இராணுவக் கட்டட வேலைகளில் நல்ல கூலி கிடைத்ததால் ஆட்கள் சுரங்கங்களை விட்டு அகன்றனர்; கரி தட்டுப்பட்டது. 1943-இல் அதே அரசாங்கம் தடையை நீக்கிப் பெண்களை மீண்டும் உள்ளே அழைத்தது. அகில இந்திய மாதர் மாநாடு இதனைக் கண்டித்தது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் இது குறித்து விவாதம் எழுந்தபோது, தொழிலாளர் துறையை வகித்த டாக்டர் அம்பேத்கர், இது நெருக்கடிக்கால ஏற்பாடே என்று விளக்கினார். அத்துடன், இப்பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி உறுதி செய்யப்பட்டிருப்பதையும், ஒரு தொழிலில் இக்கொள்கை நிலைநாட்டப்படுவது இதுவே முதன்முறை என்று தாம் கருதுவதையும் அவர் குறிப்பிட்டார். 1946-இல் தடை திரும்பியது. நிகர்க் கூலி வழங்கிய அந்த வேலையும் அதனுடன் சென்றது. நாடு முழுமைக்குமான சம ஊதியச் சட்டம் 1976-இல்தான் வந்தது.

ஆலைகளிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. பெண்கள் இரவில் வேலை செய்தல் கூடாது என்ற விதியைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்த அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது நம் சென்னை உயர்நீதிமன்றம். பெண்களுக்கு இரவுப்பணி தருவோர் போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு ஆகியவற்றைச் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனைகளையும் அது விதித்தது. விலக்கி வைப்பதற்குப் பதிலாக வேலையிடத்தைச் சீர்செய்யலாம் என்ற இந்த எண்ணம் 1929-இல் எவருக்கேனும் தோன்றியிருந்தால் காமினின் நிலை வேறாகியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

மீண்டும் சுரங்கத்திற்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் நிலக்கரித் தொழில் தேசியமயமாயிற்று. கூலி உயர்ந்தது, வேலை நிலையானது. அப்படி மதிப்புப் பெற்ற வேலையில் பெண்கள் பெருகியிருக்க வேண்டும். மாறாக, இயந்திரங்கள் சுமை வேலையை ஏற்கவும், பெண் தொழிலாளி தானாக ஓய்வு பெற்றால் அவளிடத்தில் மகனுக்கு வேலை தரும் திட்டங்கள் வரவும், அவர்கள் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கூடை சுமந்த காலத்தில் குடும்பத்தில் இருவருக்கும் உரியதாயிருந்த தொழில், மாதச் சம்பளம் வந்தபின் ஆண்மகனின் தொழிலாகிவிட்டது.

2019 ஜனவரியில் மத்திய அரசு நிலத்தடித் தடையைத் தளர்த்தியது. தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளுக்குப் பகல் நேரத்தில் பெண்கள் இறங்கலாம் என்றது அந்த அறிவிக்கை. சூரிச் சுரங்கத்தின் பொறியாளர் அவ்வழியே வந்தவர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பெண்கள் எல்லா வகைப் பணிகளிலும், தம் இசைவுடன் இரவிலும், ஈடுபட இடமளிக்கிறது.

பட்டம் பெற்ற பெண்ணுக்கு வாயில் திறந்துவிட்டது. காமினின் பேத்திகளோ ஜரியாவின் திறந்தவெளிச் சுரங்கங்களின் விளிம்பில், சிதறிய கரியைப் பொறுக்கிக் கூடையில் சுமந்து சென்று விற்கின்றனர். அவர்கள் பெயர் எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லை.