பாகலூர் மேட்டில் ஒரு இம்பாலா

ஓசூர், பாகலூர் பக்கத்து மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர். சென்னைக் காற்றைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. நமக்கு அது தெரிவதில்லை. இன்றைய கார்களுக்குத் தெரியும். அவற்றின் சென்சார்கள் காற்றை அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். 1960-ஆம் ஆண்டு ஷெவர்லே இம்பாலாவுக்கு அந்த அறிவு கிடையாது. அதை வைத்திருப்பவர்தான் அந்த அறிவு.

அம்பாசிடரைவிட ஒரு மீட்டர் நீளமான இந்தக் கார் இங்கே வந்ததே ஒரு கதை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் ஷெவர்லே கார்களைப் பாகம் பாகமாகப் பூட்டி விற்றது, 1954-இல் நிறுத்திவிட்டது. இம்பாலா பிறந்ததோ 1958-இல். எனவே நம் நாட்டில் ஓடிய இம்பாலாக்கள் எல்லாம் முழுக் காராகக் கப்பலில் வந்தவை.

அதன் கார்புரேட்டரில் ஒரு குறுகிய தொண்டை உண்டு. காற்று அதில் விரையும்போது அழுத்தம் குறையும். அந்தக் குறைவு ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சும். காற்று மெலிந்தால் உறிஞ்சலும் குறையும், ஆனால் அதே அளவுக்குக் குறையாது. காற்று 8 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 4 சதவீதம்தான் குறைகிறது. ஆக, சமவெளியில் டியூன் செய்த கார் ஓசூர் ஏறினால் காற்றின் அளவுக்கு மிஞ்சிப் பெட்ரோலைக் குடிக்கும், பிளக் கரி பிடிக்கும்.

இப்போது பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே ஜெட்டில் இந்தக் கலவை போனால் இன்ஜினுக்கு எரிபொருள் ஏழெட்டு சதவீதம் போதாமல் போகிறது. உயரம் ஒரு பக்கம் இழுக்க, எத்தனால் மறுபக்கம் இழுக்கிறது! பாகலூரில் இரண்டு பிழைகளும் பாதியளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எனக்கு இது சலிக்காத அதிசயம். அதே காரைச் சென்னைக்கு ஓட்டிப்போனால் அந்த உதவி கிடையாது. பெரிய ஜெட் போடாவிட்டால் இன்ஜின் சூடேறும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். பெட்ரோல் பம்பின் டயாபிரமையும் ஹோஸ்களையும் மாற்றியே ஆக வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றது. வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். இனி அங்கே கடின உலோக வளையம் பதிக்க வேண்டும். லேத் பட்டறைகள் நிறைந்த ஓசூரில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. போல்ட்டுகள் அங்குல அளவு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பானரைப் போட்டால் முனை மழுங்கும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் வழி. எங்கே ஒழுகினாலும் நான்கும் போய்விடும். டிரம்மும் சூடேறினால் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும். சேலம் போவதாக இருந்தால், தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.