திரையில் ஓடு பதிக்கலாம்!

நாளை காலை இடுபணியை ஒப்படைக்க வேண்டும். கணினித் திரையில் நீங்கள் எழுதும் கட்டுரை, ஓர் இணையப் பக்கம், ஆசிரியர் அனுப்பிய குறிப்பு, நண்பர்களின் வாட்ஸ்அப் என நான்கு சாளரங்கள். ஒன்றை முன்னால் கொண்டுவந்தால் மற்றொன்று பின்னால் மறைந்துகொள்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள், சற்றுமுன் படித்த ஆண்டு மறந்துபோகிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

மேசைமேல் போட்ட தாள்களைப் போலச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதே இதற்குக் காரணம். வேறொரு முறையும் உண்டு. தரையில் பதித்த ஓடுகளைப் பாருங்கள். ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை, இடமும் வீணாவதில்லை. சாளரங்களையும் அப்படியே அடுக்கலாம். அடுக்கும் வேலையைக் கணினியே செய்துவிடும்.

லினக்ஸ் கணினிகளுக்காக 2007இல் வெளிவந்த எக்ஸ்மோனாட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உங்கள் திரை 1920 படப்புள்ளி அகலமும் 1080 படப்புள்ளி உயரமும் கொண்டது என வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாளரம் திரை முழுவதையும் நிரப்பும். இரண்டாவதைத் திறந்தால் ஆளுக்குப் பாதி: 960 படப்புள்ளி அகலம். மூன்றாவது வந்தால், இடப்பாதி முதன்மைச் சாளரத்துக்கே இருக்கும். வலப்பாதியை மற்ற இரண்டும் 540 படப்புள்ளி உயரத்தில் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்றை மூடினால், மென்பொருள் மீண்டும் கணக்கிட்டு மற்றவற்றை விரித்துவிடும்.

இதற்குச் சுட்டி தேவையில்லை. ஆல்ட் விசையுடன் ஜே விசையை அழுத்தினால் அடுத்த சாளரத்துக்குப் போகலாம். ஆல்ட் விசையுடன் என்டர் விசையை அழுத்தினால், நீங்கள் இருக்கும் சாளரம் முதன்மை இடத்துக்கு வந்துவிடும். கைகள் விசைப்பலகையை விட்டு நகர்வதே இல்லை.

இது புதிய யோசனையன்று. 1985இல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பிலேயே சாளரங்கள் ஓடுகளாகத்தான் அமைந்தன. ஆனால், அன்றைய ஈஜிஏ வகைத் திரையில் அகலத்தில் 640, உயரத்தில் 350 படப்புள்ளிகளே இருந்தன. அதைப் பங்கிட்டால் யாருக்கு என்ன மிஞ்சும்? 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர இடம் தரப்பட்டது.

அதே சிக்கல் இன்றும் உண்டு. எக்ஸ்மோனாட்டில் ஐந்து சாளரங்களைத் திறந்தால் வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 1080 ÷ 4 = 270 படப்புள்ளி உயரமே கிடைக்கும். அதில் எதைப் படிப்பது? அதனால்தான் அதில் ஒன்பது பணிவெளிகள் உள்ளன. ஆல்ட் விசையுடன் 2 என்ற எண்ணை அழுத்தினால், இரண்டாவது பணிவெளி வெறுமையாகக் காத்திருக்கும்.

உங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸ் இருந்தால் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். கட்டுரைச் சாளரத்தில் இருந்தபடி, விண்டோஸ் விசையுடன் இடது அம்புக்குறியை அழுத்துங்கள். பிறகு குறிப்புச் சாளரத்துக்குப் போய், வலது அம்புக்குறியை அழுத்துங்கள். இரண்டும் அருகருகே நிற்கும். இங்கே எதை எங்கே வைப்பது என்று நீங்கள் சொல்கிறீர்கள். எக்ஸ்மோனாட்டில் அதையும் கணினியே பார்த்துக்கொள்கிறது.

ஆனால், எந்தச் சாளரம் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் முடிவு செய்யாது. இடுபணி முடியும்வரை வாட்ஸ்அப்பை இரண்டாவது பணிவெளிக்கு அனுப்புவது உங்கள் கையில்தான் இருக்கிறது!