கற்பனைக் காதலுக்காக நிஜ மனிதர்களுக்கு மிரட்டல்

விண்வெளியில் போராடும் ஐந்து வீரர்களின் கதையைச் சொல்லும் கார்ட்டூன் தொடர் ‘வோல்ட்ரோன்: லெஜண்டரி டிஃபெண்டர்’. 2016 முதல் 2018 வரை 8 பருவங்களாக நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. கதைக்குள் நடந்த போரை விட, அதன் இரசிகர்களுக்குள் நடந்த போர்தான் பலருக்கு இன்றும் நினைவிலுள்ளது.

சண்டைக்குக் காரணம் ஒரு கேள்வி: கீத் என்ற பாத்திரம் யாருக்குப் பொருத்தமான ஜோடி, லான்ஸுக்கா, ஷிரோவுக்கா?

கதை மாந்தர்களை இப்படி ஜோடி சேர்த்துப் பார்ப்பதை இரசிகர்கள் ‘ஷிப்பிங்’ என்பர். உறவைக் குறிக்கும் ‘ரிலேஷன்ஷிப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வால் அது. 1990களில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் இரசிகர்களிடையே இச்சொல் பரவியது. பழக்கமோ அதைவிடப் பழையது. 1970களிலேயே ‘ஸ்டார் ட்ரெக்’ நாயகர்களை ஜோடியாக்கி எழுதிய கதைகள் கையிதழ்களில் வந்தன. ஊதியமின்றி, விருப்பத்துக்காகச் செய்யப்படும் கலை இது.

வோல்ட்ரோன் விடயத்தில் ஷிரோ, கீத் ஆகியோரின் வயது வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டி, அவர்களை ஜோடியாக வரைந்தவர்களைச் ‘சிறுவர் துஷ்பிரயோகம் செய்பவர்கள்’ என்று ஒரு பகுதியினர் தூற்றினர். வரைந்தவர்களில் பலர் இளம் பெண்கள். ஓவியம் ‘ஸ்கிரீன்ஷொட்’ எடுக்கப்பட்டுப் பகிரப்படும், வசைகள் குவியும், கொலை மிரட்டலும், ‘செத்துப்போ’ என்ற செய்திகளும் வரும். சிலவேளை வரைந்தவரின் உண்மைப் பெயரும் தேடிப் பிடித்து வெளியிடப்படும்.

தொழில்முறைக் கலைஞர்களும் தப்பவில்லை. ‘ஸ்டீவன் யுனிவர்ஸ்’ தொடரின் கதைப்பலகைக் கலைஞர் ஒருவர், ஜோடி விவகாரத்தில் எழுந்த தொல்லையால் 2016இல் ட்விட்டரை விட்டு வெளியேறினார்.

இல்லாத ஒரு காதலுக்காக ஏன் இவ்வளவு வெறுப்பு? தாக்குபவர்களில் பலர் தம்மைத் தீயவர்களாக நினைப்பதில்லை. சிறுவர்களைப் பாதுகாப்பதாகவே நம்புகின்றனர். ‘இவர் குற்றவாளி’ என்ற பெயர் ஒருவர்மீது ஒட்டப்பட்டதும், அவருக்கு என்ன செய்தாலும் நியாயம் என்றாகிவிடுகிறது. விசாரணையின்றி ஒட்டப்படும் பெயர் என்ன செய்யும் என்பதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இதில் உண்மையான இழப்பும் உண்டு. துஷ்பிரயோகம் என்ற சொல்லை ஓர் ஓவியத்தின்மீது எறியும்போது, நிஜமாகப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் வாக்குமூலம் மலினப்படுகிறது.

ஓர் ஓவியத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. ஓவியத்தைப் பற்றிப் பேசினால் அது விமர்சனம். வரைந்தவரைத் தேடிச் சென்று, ஆட்களைத் திரட்டி, அவர் வாயை மூடும்வரை துரத்தினால் அது துன்புறுத்தல்.

இந்தத் தாக்குதலுக்கு உள்ளாகும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ‘போனை மூடி வை’ என்று அதட்டுவதால் பயனில்லை. மிரட்டல்களைப் படமெடுத்துச் சேமியுங்கள்; பதில் எழுதாமல் தடை செய்யுங்கள்; தளத்துக்கு முறையிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். கதை கற்பனைதான். அந்த வசைகளை நள்ளிரவில் வாசித்துக்கொண்டிருப்பவர் கற்பனையல்ல.